சொல்லும் சூழ்நிலையும்



"சொன்னதைச் செய்கிறானில்லை" என்று மேலதிகாரி குறைப்படுகிறார். "எந்நேரமும் அதிகாரம் பண்ணுகிறார்" என்று ஊழியர் முணுமுணுக்கிறார். பிழை யார் பக்கம்? நாம் உடனே ஆட்களின் குணத்தையே எடைபோடுகிறோம். வேலை நடக்கும் சூழ்நிலைக்கும் இதில் பெரும் பங்குண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

அச்சகமொன்றில் புதிதாகச் சேர்ந்த இளைஞனை எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்தில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுக்கும் மேற்பார்வையாளர் அவனுக்குத் துணை. பத்து வருடம் கழித்தும் அவர் அப்படியே நின்றால், அது அவமதிப்பு. ரொபேட் ஹவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இல் எழுதிய கட்டுரையில் இதையே விளக்கினார். செய்யவேண்டியது தெளிவற்றிருக்கும்போது கட்டளை வழிகாட்டியாகிறது. தெளிவாயிருக்கும்போது அதுவே வீண் கட்டுப்பாடாகத் தோன்றுகிறது. சலிப்பும் களைப்பும் தரும் வேலையிலோ ஆதரவான சொல்லே பெரிதும் உதவுகிறது.

அப்படியானால், ஆபத்து வேளையில் எல்லாரும் கட்டளைக்குப் பணிந்துவிடுவார்களா? அதுவும் இல்லை.

1949 ஆகஸ்ட் 5இல், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மான் கல்ச் பள்ளத்தாக்கில், காட்டுத்தீ 16 தீயணைப்பாளரைத் துரத்தியது. தலைவர் வாக்னர் டொட்ஜ் முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே தீ மூட்டி, அது எரிந்து கருகிய இடத்துக்குள் வரும்படி கூவினார். ஒருவரும் வரவில்லை. இருவர் மலைமுகட்டைக் கடந்து தப்பினர். 13 பேர் மாண்டனர். சாம்பலில் படுத்திருந்த டொட்ஜ் பிழைத்தார்.

மாண்டவர்களைக் கீழ்ப்படியாதவர்கள் என்று தீர்ப்பிடலாமா? அந்த உபாயத்தை அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. தலைவரோடு நெருங்கிப் பழகியவர்களும் அல்லர். தீயை அணைக்க வந்தவரே தீ மூட்டுவதைக் கண்டால், நாமும் ஓடியிருப்போம் அல்லவா?

கட்டளையிடும் உரிமை பதவியோடு வந்துவிடும். நம்பிக்கை அப்படி வருவதில்லை. அமைதியான நாட்களில் காரணத்தை எடுத்துச் சொல்லி, கேள்விக்கு இடங்கொடுத்து, சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டிய முதல் அது. ஊழியருக்கும் ஒரு கடமை உண்டு: முணுமுணுக்குமுன், இக்கட்டளை கர்வத்தால் பிறந்ததா, தேவையால் பிறந்ததா என்று நிதானிப்பது.

வேலைத்தலத்திலோ வீட்டிலோ உங்கள் சொல் எடுபடாதபோது, "ஏன் பணியவில்லை?" என்று கேட்க வாய் வரும். அதற்குமுன், "அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் என் சொல் எப்படித் தெரியும்?" என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.