வளர்ந்த பிள்ளைக்கு வாசல் திறக்குமா?

தத்தெடுத்தல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது தொட்டிலில் கிடக்கும் பச்சிளங்குழந்தையே. பழைய நினைவு ஏதுமில்லாத அக்குழந்தையை எடுத்து வந்து, நமக்குப் பிடித்த பெயரைச் சூட்டி, 'எங்கள் பிள்ளை' என்று ஊருக்கு அறிவித்துவிடலாம். ஆனால், எட்டு வயதைக் கடந்துவிட்ட சிறுமியையும், காது கேளாத சிறுவனையும், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையையும் தேடி யார் வருகிறார்கள்? கைக்குழந்தைக்காகப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தம்பதியர் ஒருபுறம். கேட்பாரற்று இல்லங்களில் வளர்ந்துகொண்டே போகும் பிள்ளைகள் மறுபுறம். இவ்விரு காத்திருப்புகளும் சந்தித்துக்கொள்ளாமலே போவது ஏன்? இது அரசு மட்டும் விடை காணவேண்டிய கேள்வியன்று. நம் மனச்சான்றையும் தொடும் கேள்வியாகும்.

நம்மிடையே வழங்கும் இரு பழமொழிகள் இப்பிள்ளைகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்படுகின்றன. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது ஒன்று. 'தானாடாவிட்டாலும் தன் தசையாடும்' என்பது மற்றொன்று. வளர்ந்த பிள்ளை ஒட்டாது, பிறர் இரத்தம் நம் இரத்தமாகாது என்பதே இவற்றின் உட்பொருள்.

இவ்வச்சத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். உருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்று, காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. குடும்பம் கிடைத்தவர்கள் காப்பகத்திலேயே தங்கியவர்களைவிட அறிவிலும் உறவாடும் திறனிலும் முன்னேறினர். ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர். இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய முடிவு என்ன? 'காலம் கடந்துவிட்டது, கைவிடுவோம்' என்பதா? அன்று. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு இழப்பு என்பதே அது. காயம் ஆழமானது என்பதால் மருத்துவர் திரும்பிப் போவதில்லை, விரைந்தல்லவா வருகிறார்!

மறைநூலைப் புரட்டினால், அங்கே காணும் தத்துப்பிள்ளையின் சாயல் நமக்கு வியப்பளிக்கும். மோசே நாணல் பேழையிலிருந்து எடுக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆயினும், அவரைப் பாலூட்டி வளர்த்தவர் பெற்ற தாயே. பிள்ளை வளர்ந்த பின்னரே பார்வோனின் மகளிடம் ஒப்படைக்கப்பட்டார் (விப 2). வளர்ந்த பின்பும் அவர் தம் இனத்தாரின் துயரை மறக்கவில்லை. பேச்சுத் தடுமாற்றமும் அவருக்கு இருந்தது. சற்றே வளர்ந்த பிள்ளை, பழைய உறவை மறவாத பிள்ளை, திக்குவாய்ப் பிள்ளை! இன்று தத்தெடுக்க வரும் பலர் தயங்கி விலகும் அடையாளங்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன.

மற்றொருவர் மெபிபொசேத்து. யோனத்தானின் மகனான இவர் இரு கால்களும் முடமானவர். சவுலின் வீட்டார் யாரேனும் எஞ்சியுள்ளனரா என்று தாவீது தாமே தேடி விசாரித்து, அவரை வரவழைத்து, அரச பிள்ளைகளுள் ஒருவரைப்போலத் தம் பந்தியில் உண்ணச் செய்தார். அந்த அதிகாரம் எப்படி முடிகிறது என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும் (2 சாமு 9). அவர் இரு கால்களும் முடமானவர் என்று மீண்டும் நினைவூட்டியே அது முடிகிறது. கால்கள் குணமாகவில்லை. ஆனால், பந்தியில் இடம் பெறுவதற்குக் கால்கள் குணமாக வேண்டியிருக்கவில்லை.

'எங்களால் இயலுமா?' என்று கேட்கும் தம்பதியரை நாம் குறைகூறலாமா? கூடாது. அது நேர்மையான கேள்வி. வயிற்றில் பிறக்கும் பிள்ளையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மூன்று வயதில் காய்ச்சல் வந்து கேட்கும் திறனை இழந்தாலும், எந்தத் தாயும் அப்பிள்ளையைத் திருப்பித் தருவதில்லை. தத்தெடுப்பதிலோ, அறிந்தே தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்படுகிறது. ஆகவே இங்கு ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காண வேண்டும். நம் வலிமையை அளந்து பார்ப்பது முறை. பிள்ளையின் மதிப்பை அளந்து பார்ப்பது முறையன்று. 'இப்பிள்ளைக்குத் தேவையான மருத்துவமும் பயிற்சியும் தர எங்களுக்கு நேரமும் பொருளும் இல்லை' என்பவர் உண்மை பேசுகிறார். 'குறையுள்ள பிள்ளை நமக்கெதற்கு?' என்பவர் சந்தையில் நிற்கிறார்.

இரக்கம் மட்டும் கொண்டு இதில் இறங்குவதும் இடர்தான். பிச்சையிடுபவர் எப்போதும் மேலே நிற்பார். பெறுபவர் கீழே நிற்பார். தந்தை மகன் உறவில் அத்தகைய மேடு பள்ளம் இருத்தலாகாது. வளர்ந்த பிள்ளை முதல் சில வாரங்கள் மிகவும் அடக்கமாக இருக்கலாம். பிறகு முரண்டு பிடிக்கலாம். சோற்றையும் பிஸ்கட்டையும் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். 'அம்மா' என்று அழைக்க மாதங்கள் ஆகலாம். அது திருட்டுமன்று, நன்றி மறத்தலுமன்று. பசித்த நாள்களை உடல் நினைவில் வைத்திருக்கிறது. 'இவர்களும் என்னை விட்டுவிடுவார்களா?' என்று உள்ளம் சோதித்துப் பார்க்கிறது. அச்சோதனையில் தேறவேண்டியவர்கள் பெற்றோரே. 'உன்னை எடுத்து வளர்த்தோமே' என்ற ஒரு சொல் போதும், கட்டிய வீடு இடிந்துவிடும். பிள்ளையின் பழைய பெயரையும், பெற்றவர்களைப் பற்றிய நினைவையும், உடன்பிறந்தோர் உறவையும் அழித்துவிட முயல்வதும் அத்தகையதே.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு முன்பு சட்டத் தடையொன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் பாதுகாவலராகலாம், பெற்றோராக இயலாது. தத்தெடுத்த பிள்ளையைப் பிள்ளையாகவே கருதும் திருச்சபைச் சட்டத்தின் 110-ஆம் விதியும், நாட்டுச் சட்டத்தின்படி நிகழ்ந்த தத்தெடுப்பையே ஏற்கிறது. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. எச்சமயத்தவரும் அச்சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்தியது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தத்துப்பிள்ளை வாரிசுரிமை உட்பட எல்லா வகையிலும் பிள்ளையே. ஆணை பிறப்பிக்குமுன், வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்பப் பிள்ளையின் விருப்பமும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தால், அவ்வாணையை இன்று மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

2022-ஆம் ஆண்டின் விதிமுறைகளில் நம் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தியொன்று உண்டு. கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேற்படுமாயின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெற இயலாது. எட்டு வயதைக் கடந்த பிள்ளைக்கோ இவ்வரம்பு 110. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லாவிடினும், இருவர் ஏற்கெனவே உள்ள குடும்பத்தார் உறவினர் பிள்ளையல்லாத வேறு பிள்ளையை விரும்பினால், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையோ, எளிதில் குடும்பம் கிடைக்காத பிள்ளைகளையோ ஏற்கலாம். தம் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, ஐம்பதின் தொடக்கத்தில் நிற்கும் பெற்றோர் பலர் நம் பங்குகளில் உள்ளனர். பிள்ளை வளர்ப்பதில் கைதேர்ந்த இவர்களை நோக்கியும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அப்படியாயின் இது கடமையா, கொடையா? தனியொரு குடும்பத்தின்மீது இதைக் கடமையாகச் சுமத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால், சமூகம் முழுவதற்கும் இது கடமையே. ஏற்க இயலாதவர், ஏற்றவருக்குத் தோள் கொடுக்கலாம். பயிற்சி மையத்துக்கு வாரம் ஒருமுறை அழைத்துச் செல்வதும், தாய் சற்று ஓய்வெடுக்க ஒரு மாலை அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், காது கேளாத பிள்ளைக்கும் புரியும் வண்ணம் மறைக்கல்வி தருவதும் அன்பியங்களால் இயலாதவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது யார் பெற்ற பிள்ளையோ?' என்று கோயில் முற்றத்தில் கிசுகிசுக்காமல் இருப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும்.

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். நல்ல சொல்தான். ஆயினும், அதிலும் தன் பிள்ளைக்கு வரும் பயன் எண்ணப்படுகிறது. வளர்ந்த பிள்ளைக்கும் குறையுள்ள பிள்ளைக்கும் வாசல் திறப்பவர்கள் அதற்கும் அப்பால் ஓர் அடி வைக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஊரார் பிள்ளை என்று ஒருவர் இல்லை.