நாற்பது காசு

என் மேசை இழுப்பறையில் இரண்டு சிங்கப்பூர் நாணயங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் இருபது காசு. பணம் மாற்றும் கடையில் நோட்டைத்தான் வாங்குவார்கள், சில்லறையைக் காட்டினால் சிரிப்பார்கள். ராமநாதபுரத்துக்குத் திரும்பி வந்து நாலு மாதமாகிறது. மூக்குக்கண்ணாடி தேடி இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அவை உருண்டு முன்னால் வந்து நிற்கின்றன.

மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா இருந்தபோதே இருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் நான் மட்டும் போனேன். அன்றைய நிலவரத்துக்கு மதுரையைவிடத் திருச்சியில் டிக்கெட் குறைவு. நள்ளிரவு விமானம் என்றால் இன்னும் குறைவு. பெட்டி போடாமல் கைப்பையோடு ஏறினால் அதற்கும் கீழே. ஏழு கிலோதான் கணக்கு. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தேன். அரைக் கிலோ கூடியது. ஒரு வேட்டியையும் துண்டையும் எடுத்து வெளியே வைத்தேன். கருப்பட்டியில் கை வைக்கவில்லை.

போய் இறங்கிய அன்றே பேருந்து அட்டை ஒன்றும், கைச்செலவுக்கு நூறு வெள்ளியும் கொடுத்தாள். அங்குள்ள தமிழர்களுக்கு டாலர் என்பது வெள்ளி, சென்ட் என்பது காசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வெள்ளியை அறுபத்துச் சொச்சம் ரூபாயால் பெருக்கிப் பழகியவன் காதுக்கு எதுவும் நன்றாக இருப்பதில்லை. தமிழ்க் கடைகள் உள்ள தேக்காவிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போனேன். 1827-இல் எழுந்த கோயில், நம் ஊர்ச் சாயலில் கோபுரம். வெயில் தாளாத மதியங்களில் விக்டோரியா தெரு நூலகத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் படித்தேன். காற்றும் குளிர், காசும் இல்லை. இருபத்தோரு நாள் இப்படிப் போனது.

திரும்பும் அன்று சாங்கி விமான நிலையத்தில், பயணிகள் மட்டும் உள்ளே போகும் வாசலில், மடித்த தாள் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். உள்ளே 62 வெள்ளி 40 காசு. தாளில் கணக்கு. கோப்பி 1.40. வாழைப்பழம் 2.00. மறுபடி கோப்பி. செலவான 37 வெள்ளி 60 காசுக்கும் வரி வரியாக, தேதியோடு.

நின்றபடியே முழுக்கப் படித்தாள். நோட்டுகளைக் கைப்பையில் வைத்தாள். தாளை நாலாக மடித்துக் கைபேசி உறைக்குள் செருகினாள். நாணயங்கள் இரண்டையும் என் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நேரமாச்சுப்பா. போங்க."

அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டவள் சில்லறையை ஏன் திருப்பித் தந்தாள்? வைத்துக்கொள்ள வேண்டாதது என்றால் அந்தத் தாளை ஏன் வைத்துக்கொண்டாள்? திருச்சி வந்து சேரும்வரை இந்த இரண்டு கேள்விகளும்தான். தூக்கம் வரவில்லை.

நான் வளர்ந்தது ராமேஸ்வரத்தில். வடநாட்டு யாத்ரீகர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள். அரிசி, பருப்பு, மாவு, அடுப்பு, உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் வண்டி மேலேயே. சாலையோரம் நிறுத்தி அடுப்பு மூட்டுவார்கள். சேலைகள் பேருந்துக்கும் மரத்துக்கும் நடுவே காயும். ஒரு டீ வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நாங்கள் பையன்கள் கூடிநின்று கேலி பேசுவோம். உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு எரிச்சல். ஆனால் அவர்கள்தான் கங்கைத் தண்ணீரைச் செம்பில் அடைத்து, அத்தனை தூரம் மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வார்கள். இங்கேயிருந்து சேது மணலை அள்ளிக்கொண்டு போய்க் கங்கையில் கரைப்பார்கள். வழியில் சிக்கனம், சேர வேண்டிய இடத்தில் தாராளம். அறுபது வயதுக்கு மேல், ஒரு வெளிநாட்டுப் பூங்கா பெஞ்சில் மகள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை அவிழ்த்தபோதுதான் அந்தப் பையன்களின் சிரிப்பு எனக்குத் திரும்பக் கேட்டது. ஒரு வித்தியாசம். அந்த யாத்ரீகர்கள் கணக்கெழுதிச் சாமியிடம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கணக்கு ஒப்படைத்த பெருமை எங்கள் அப்பத்தாவுக்கு உண்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்ட பிறகும், ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 80-களில்தான் நின்றுபோனது. பெரியப்பா கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் இருந்தார். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பத்தா தனியாகக் கப்பலேறி அவரைப் பார்த்துவிட்டு வந்தது. போகும்போது கட்டுச்சோறு, கருவாடு, கருப்பட்டி. வரும்போதும் ஏறக்குறைய அதே கனத்தில் ஒரு மூட்டை. பெரியப்பா செலவுக்குக் கொடுத்த ரூபாயை முந்தியில் முடிந்து வைத்திருந்து, முடிச்சை அவிழ்க்காமலே ரயிலடியில் அவர் கையில் வைத்ததாம். "எம் புள்ளை காசுல ஒரு வெத்தலை வாங்கித் திங்கலை" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லும். கல்யாண வீடு, கருமாதி வீடு எல்லாவற்றிலும் அந்தக் கதை ஓடியது. வைராக்கியக்காரி என்று ஊரே சொன்னது. நானும் என் மகளுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், பலமுறை.

அந்த முடிச்சு கையில் விழுந்தபோது பெரியப்பா முகம் எப்படி இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்க அப்பத்தாவும் இல்லை, அவரும் இல்லை.

முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். விருந்தோம்பல் அதிகாரத்தில் அனிச்சப்பூ வரும் குறளை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன். முகர்ந்தால்தான் அந்தப் பூ வாடும், விருந்தாளியோ வீட்டுக்காரர் முகம் கோணினாலே வாடிவிடுவார் என்பது கருத்து. விருந்தாளி செய்த காரியத்தால் வீட்டுக்காரர் வாடினால் என்ன ஆகும் என்று ஒரு பையனாவது கேட்டிருக்கலாம். மக்கட்பேறு ஏழாம் அதிகாரம், விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். இரண்டுக்கும் நடுவே எட்டாவதாக அன்புடைமை. பிள்ளை வீட்டுக்குப் போகும் தகப்பன் எந்த அதிகாரத்தில் வருவான் என்று இப்போது யோசிக்கிறேன். விருந்தாளி என்றால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக்காரன் என்றாலும் வேண்டியதில்லை. நான் கணக்குக் காட்டினேன். அப்படியென்றால் என்னை நான் என்னவாக நினைத்துக்கொண்டு அங்கே இருந்தேன்?

அவள் உழைத்துச் சம்பாதிப்பதை வீணாக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இது சத்தியம். ஆனால் கூட்டிக் கழித்து 62.40 என்று அடிக்கோடு போட்டபோது உள்ளூர ஒரு மிதப்பு இருந்ததும் சத்தியம். அப்பத்தாவின் மிதப்பு.

அந்தத் தட்டலை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அவள் சின்ன வகுப்பில் படிக்கும்போது பஸ் காசைச் சீருடைப் பையில் போட்டு, விழுந்துவிடாமல் இருக்க மேலே ஒரு தட்டுத் தட்டித்தான் அனுப்புவோம். அதைத்தான் திருப்பிச் செய்தாளோ என்று ஒருநாள் தோன்றியது. மனசு இளகிவிட்டது. பிறகு யோசித்தால், அப்படித் தட்டி அனுப்பியது நானில்லை, அவள் அம்மா. நான் வாசலில் நின்று, மிச்சம் எவ்வளவு என்று சாயங்காலம் கேட்பவன்.

போன வாரம் பேசினாள். "டிசம்பர்ல டிக்கெட் கம்மியா இருக்குப்பா, வர்றீங்களா?"

அந்தக் காசைப் பற்றி இன்றாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். வாயில் வந்தது, "எவ்வளவு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிரித்தாளா, லைன் விட்டுப்போனதா தெரியவில்லை. அப்புறம் தொகையைச் சொன்னாள். நான் கையிலிருந்த பேனாவால் அதை எழுதிக்கொண்டேன். போவேன் என்றுதான் நினைக்கிறேன். நாணயங்களை எடுத்துக்கொண்டு போவேனா, இழுப்பறையிலேயே விட்டுவிடுவேனா என்பது இன்னும் தெரியவில்லை.