பிரமாணத்துக்குப் பிரமாணம்

ஓர் அறிவு தோன்றும்போதே தன் மெய்ம்மையையும் உடன்கொண்டு தோன்றுகிறதா, அல்லது அது மெய்தான் என்பதை வேறோர் அறிவு வந்து நிலைநாட்ட வேண்டுமா என்ற வினா, நம் தேசத்துத் தரிசனக்காரர்களை நெடுங்காலம் இரண்டு கட்சிகளாகப் பிரித்து வைத்திருந்தது. முன்னதைச் சொன்னவர் மீமாம்சகர். பின்னதைச் சொன்னவர் நையாயிகர். திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு விவாதிப்பதற்கு ஏற்ற விஷயம் இது என்றே நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கதிர்ச் சிகிச்சைக்குத் திட்டம் வகுத்துத் தரும் கணினிகளைச் சோதிக்கும் முறைகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிற்று.

நோயாளியின் உடற்படத்தையும் கதிரின் இயல்பையும் கொடுத்துவிட்டால், எந்தத் திக்கிலிருந்து எத்தனை நேரம் செலுத்தினால் கட்டிக்கு எவ்வளவு சேரும், பக்கத்திலிருக்கும் குடலுக்கு எவ்வளவு சேரும் என்று அக்கணினி கணக்கிட்டுச் சொல்லும். அது சொல்வது அனுமானமே. ஆயினும் திரையில் வண்ணக் கோடுகளாக விரியும்போது பிரத்தியட்சம் போலத் தோன்றுகிறது. காகிதத்தில் அச்சாகி வந்துவிட்டாலோ நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்த வாக்கியமாகவே ஆகிவிடுகிறது.

பனாமா நாட்டின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் நேர்ந்தது இதுதான். நல்ல திசுக்களின்மேல் கதிர் விழாதபடி இடையே வைக்கும் காப்புக் கட்டைகள் நான்குக்கு மேல் அங்கிருந்த கணினிக்குள் போகா. ஐந்தாவது ஒன்றும் வேண்டுமென்று ஆனபோது, 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், எல்லாவற்றையும் ஒரே கட்டையாகப் பாவித்து, வெளிவரம்பையும் உள்வரம்பையும் வரைந்து காட்டும் உபாயத்தைக் கைக்கொண்டார்கள். இரண்டு வரம்புகளில் ஒன்றை வலமாகவும் மற்றொன்றை இடமாகவும் சுற்றி வரைந்தால் கணக்குச் சரியாக வந்தது. இரண்டையும் ஒரே திக்கில் சுற்றினால், செலுத்த வேண்டிய நேரம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. பிரதட்சிணத்துக்கும் அப்பிரதட்சிணத்துக்கும் பலபேதம் உண்டென்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இவ்விடத்தில் சற்று நிதானிக்கலாம். இயந்திரம் ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. இருபத்தெட்டு நோயாளிகள் மிகைக்கதிருக்கு ஆளானார்கள். அவர்களுள் குறைந்தது ஐவரின் மரணத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாமென்று, 2001-இல் அங்கே சென்ற சர்வதேச அணுசக்தி முகமையின் வல்லுநர் குழு கண்டது. காகிதத்தில் கைக்கணக்காக ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும்.

அறிவு மெய்யா பொய்யா என்பது அதை நம்பிச் செய்த காரியத்தின் பலனால் விளங்கும் என்பது நியாய பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் காலத்திலிருந்து வரும் விடை. தூரத்தில் தெரிவது நீரென்று போனவனுக்குத் தாகம் தீர்ந்தால் அது நீர், தீராவிட்டால் கானல். விடை அழகானதுதான். ஆனால் கதிரோ படும்போது சுடுவதில்லை, வலிப்பதில்லை. அதன் தீங்கு வாரங்களும் மாதங்களும் கழித்தே தலைகாட்டுகிறது. பலனைக் கண்டு பிரமாணத்தை நிச்சயிப்போம் என்று காத்திருந்தால், நிச்சயிக்கிற நாளில் நோயாளி இருக்கமாட்டார். ஆகவே பௌதிக நிபுணர்கள் நோயாளியின் ஸ்தானத்தில் ஒரு தொட்டி நீரை வைத்தார்கள்! மனித தேகம் பெரும்பாலும் நீராகையால், கதிரை அது ஏற்கும் விதத்துக்கு நீரே நல்ல உபமானம். கணினி சொன்ன கணக்கின்படி நீரில் கதிரைச் செலுத்தி, உள்ளே வைத்த, கதிரை அளக்கும் அயனிக் கலம் காட்டும் எண்ணையும் கணினியின் எண்ணையும் ஒத்துப் பார்க்கிறார்கள். நையாயிகரின் வழிப்போக்கனும் இவர்களும் கடைசியில் ஒரே நீரிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஒத்துப் பார்க்கும் இரண்டாவது கணக்கு முதற்கணக்கின் கோத்திரத்தில் பிறந்ததாக இருக்கக் கூடாது. அதே கணினியில், அதே தரவைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டால் பிழையும் அப்படியே மறுபடி பிறக்கும். சகோத்திர விவாகத்துக்கு நம் முன்னோர் விதித்த விலக்கை இவர்களும் தம் துறையில் விதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனையும் கேட்டு, ஐயமே இரட்சிக்கும் என்று ஒருவர் முடிவுகட்டுவாரானால், இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்து ஆஸ்பத்திரியின் கதையையும் கேட்க வேண்டும். 1982-இல் கணினி வந்தது. கதிர்மூலத்தின் தூரத்துக்கு ஏற்பச் செய்யவேண்டிய திருத்தத்தை அதுவே செய்துகொண்டது. ஆனால் முன்பு கையால் அத்திருத்தத்தைச் செய்து பழகியவர்கள், கணினி சொன்ன எண்ணின்மீதும் அதை ஒருமுறை செய்தார்கள். 1991-இல் புதிய கணினி வந்து இரண்டு கணக்கும் ஒவ்வாமற்போகும் வரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் பெறவேண்டியதைவிட ஐந்து முதல் முப்பது விழுக்காடு வரை குறைவான கதிரையே பெற்றார்கள். இங்கே இயந்திரம் மெய்யே சொல்லிற்று. ஜாக்கிரதை என்று எண்ணிச் செய்ததே பிழையாயிற்று. சோதிப்பவனையும் சோதிக்க வேண்டும் என்றால் அதற்கு எல்லை எங்கே? தார்க்கிகர் அனவஸ்தை என்று அஞ்சியது இதைத்தான்.

சாட்சிக்குச் சாட்சி என்று மேலே போகும் அந்த ஏணியில் ஏறிப் பார்க்கலாம். கணினிக்குச் சாட்சி அயனிக் கலம். நம் நாட்டில் அக்கலத்துக்குச் சாட்சி டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் அளவுத்தரம். பல தேசங்களின் தரங்களுக்கும் சந்திப்பிடம் பாரிஸை அடுத்த செவ்ரில் உள்ள சர்வதேச எடை அளவை நிலையம். அங்கே போனால் எல்லாவற்றையும் தீர்க்கும் மூல அளவை ஒன்று சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றுமில்லை, முதல்நிலை அளவைகளுக்கு மேல் நீதிபதி கிடையாது, அவை ஒன்றையொன்று ஒப்பிட்டுக்கொள்கின்றன, அவ்வளவே. சமானமான சாட்சிகள் தனித்தனியே வந்து ஒன்றே சொல்கிற இடத்தில் ஏணி நின்றுவிடுகிறது.

பழுது இன்னதென்று காட்டப்படாத வரையில் அறிவை நம்பியே நடக்க வேண்டும், இல்லையேல் ஒரு காரியமும் நடவாது என்றார் மீமாம்சகர். காலையில் நீர்த்தொட்டியில் கலத்தை அமிழ்த்தி, இரண்டு எண்களையும் ஒத்துப் பார்த்து, கைக்கணக்கும் போட்டு முடித்தபின், பௌதிக நிபுணர் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். அதுவரையில் நையாயிகராக இருந்தவர் அந்தக் கையெழுத்தில் மற்றக் கட்சிக்குப் போய்விடுகிறார். வெளியே பெஞ்சியில் முதல் நோயாளி காத்திருக்கிறார்.