பசை படாத படம்

சேர்த்து வைத்தல் மனிதனுக்கு இயல்பான செயல். எறும்பும் சேர்க்கிறது, ஆனால் அது உண்பதற்காகச் சேர்க்கிறது. மனிதனோ உண்ணவும் உடுக்கவும் உதவாதவற்றையும் சேர்க்கிறான். அஞ்சல்தலை, பழைய நாணயம், விளையாட்டு வீரரின் படம், தீப்பெட்டியின் மேலட்டை என அவன் பேழைக்குள் புகாத பொருள் இல்லை. இவற்றுக்கெல்லாம் மதிப்பு எங்கிருந்து வருகிறது? இவ்வினா சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் நம் உள்ளம் எதனை நாடுகிறது என்பதை இதன் வழியாக நாம் ஓரளவு அறிந்துகொள்ள முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள், மெல்லிய காகித உறைக்குள் சிகரெட்டுகள் நசுங்காதிருக்க ஒரு தடித்த அட்டையைச் செருகின. வெற்று அட்டையாக விடாமல் அதில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் உருவங்களையும் அச்சிட்டன. பின்னர் மிட்டாய், சூயிங்கம் ஆகியவற்றோடும் அப்படங்கள் வந்தன. சிறுவர்கள் அவற்றைச் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், வைத்து விளையாடினார்கள். இன்று அவ்வட்டைகளுக்கென்றே பெருங்கண்காட்சிகள் நடக்கின்றன. அவற்றுள் பெரியதான அமெரிக்கத் தேசிய மாநாடு 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கியது. ஆண்டுதோறும் பல்லாயிரவர் அங்குத் திரள்கிறார்கள். மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952-ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே வரிசையில் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-இல் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்தவரே பின்னாளில் கூறினார். அன்று கடலுக்குப் போன குப்பையே இன்றைக்குக் கருவூலம்!

இவ்வட்டைகளுக்கு மதிப்பெண் இடும் முறை கவனத்திற்குரியது. மூலை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு தேய்ந்திருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று ஆராய்ந்து, 10 மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து முத்திரையிடுகிறார்கள். மேற்சொன்ன அட்டை பெற்றது 9.5. எந்தச் சிறுவனின் சட்டைப் பையிலும் அது நெடுநாள் தங்கியிருக்கவில்லை என்பதே அம்மதிப்பெண்ணின் பொருள்.

நம் மண்ணிலும் இதற்கு உறவான ஒரு பழக்கம் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அத்தொழிலோடு அச்சுத் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இக்கரிசல் பூமியில் வேரூன்றின. எழுத்தறியாதவரும் கடையில் கேட்டு வாங்கும்படி பெட்டியின்மேல் புலியும் மயிலும் தாமரையும் அச்சாயின. அப்படங்களைக் கிழியாமல் உரித்தெடுத்து, பந்தயம் வைத்து விளையாடாத சிறுவர்கள் ஒருகாலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அரிதாகவே இருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் நடைபெற்ற சேகரிப்பாளர் கண்காட்சி ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஒரு தாயும் நம்முடன் வந்திருந்தார். நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் கிரிக்கெட் வீரர் படங்களையும் கடந்து, தீப்பெட்டிப் படங்கள் பரப்பியிருந்த மேசையருகே அவர் நின்றுவிட்டார்.

"இந்தப் படத்தைச் சின்ன வயசுல நாங்க ஒட்டியிருக்கோம். குரோசு கணக்குலதான் கூலி," என்றார். ஒரு குரோசு என்பது 144 பெட்டிகள். பிறகு அதன் விலையைக் கேட்டார். மேசைக்குப் பின்னிருந்த இளைஞர் சொன்ன தொகையைக் கேட்டு அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"இதுல குச்சிகூட இல்லையே தம்பி, எதுக்கு இவ்வளவு விலை?"

"அந்தக் கம்பெனி இப்ப இல்லைங்கம்மா. அதோட இது பெட்டியில ஒட்டாத படம். பின்பக்கம் பாருங்க, பசையே படலை. ஒட்டி உரிச்சதுன்னா இதுல பாதி விலைகூடப் போகாது."

இளைஞர் ஒளிவின்றியே பேசினார். சந்தையின் கணக்கும் அதுவே. ஆனால் அம்மறுமொழிக்குள் இருந்த பொருள் நம்மைத் திடுக்கிட வைத்தது. அத்தாயின் கை பட்டிருந்தால் அப்படத்துக்கு மதிப்புக் குறைவு. அவர் கைக்கு எட்டாமற் போனதனாலேயே மதிப்பு மிகுதி. ஓரூரில் ஒரு சிறுவன் படம் சேர்த்துக்கொண்டிருந்த அதே வயதில், வேறோர் ஊரில் ஒரு சிறுமி அதே படத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். சிவகாசியில் பணியாற்றிய சிறார்களைப் பற்றிய வழக்கில், அவர்களைப் பணியில் வைத்திருந்தோர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல்வாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டுமென உச்சநீதிமன்றம் 1996-இல்தான் தீர்ப்பளித்தது.

இதனால் சேகரிப்போரைப் பழிக்க நாம் முற்படவில்லை. அவர்கள் இல்லையேல் இக்காகிதங்கள் என்றோ அடுப்புக்குப் போயிருக்கும். மூடப்பட்ட தொழிற்சாலைகளின் பெயர்கள், அதை நடத்திய ஊரே மறந்த பின்னும், அந்த இளைஞரின் நினைவில் இருந்தன. சிறியதொன்றைக் கூர்ந்து நோக்கிக் காப்பதும் அன்பின் ஒரு வகையே. நாம் கேட்பது, அந்நோக்கு எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதைத்தான்.

காப்பதில் வேறொரு முறையும் உண்டு. அதற்கும் வெம்பக்கோட்டையே சான்று. வைப்பாற்றங்கரையில், விசயகரிசல்குளத்து மேட்டில், 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல்களோடும் கண்ணாடி மணிகளோடும் சுடுமண் ஆட்டக்காய்களும் அங்குக் கிடைத்தன. யாரோ ஆடிக் களித்த காய்கள் அவை. அவற்றின் தேய்வை எவரும் குறையாகக் கருதுவதில்லை. மனிதர் இங்கு வாழ்ந்தனர், உழைத்தனர், ஓய்ந்த பொழுதில் விளையாடினர் என்பதற்கு அத்தேய்வும் ஒரு சாட்சி. அட்டைக்கு மதிப்பெண் இடுவோர் கை படாமையைத் தேடுகிறார்கள். அகழ்வோர் கை பட்ட தடத்தைத் தேடுகிறார்கள்.

நம் இல்லங்களிலும் ஒரு சேகரிப்பு உண்டு. பாட்டியின் செபப் புத்தகத்தைத் திறந்தால், முதல் நற்கருணை நாளில் பெற்ற புனிதர் படம், ஒரு குருவின் அருள்பொழிவு நினைவுப் படம், இறந்த உறவினரின் நினைவு அட்டை ஆகியவை தாள்களுக்கிடையே இருக்கும். மூலைகள் மடிந்திருக்கும், விரல் பட்டு மை மங்கியிருக்கும். சந்தையில் அவற்றுக்கு மதிப்பெண் ஏதும் கிடைக்காது. எனினும் அவற்றை எடுக்கும்போதெல்லாம் கொடுத்தவர் முகமும், செபித்தவர் குரலும் நம்மிடம் திரும்பி வருகின்றன. செல்வம் இருக்கும் இடத்தை உள்ளம் நாடிச் செல்லும் என ஆண்டவர் எச்சரித்ததை நாம் அறிவோம். பொருள் நம் உள்ளத்தை மனிதரிடம் அழைத்துச் செல்லுமாயின் அது நல்ல செல்வம். பொருளே வழியை மறித்து நிற்குமாயின், அது தங்கமாயினும் காகிதமாயினும் சிலையாகிவிடுகிறது.

இது சேகரிப்போருக்கு மட்டும் உரிய சோதனையன்று. பட்டாசுக் கட்டுகளின் மேலுள்ள படங்களை நம் பிள்ளைகள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். 2024 பிப்ரவரி 17-ஆம் நாள் வெம்பக்கோட்டை அருகே பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 10 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவரின் பெயரேனும் நம் நினைவில் தங்கியிருக்கிறதா?

ஆகவே பிள்ளைகள் படம் சேர்த்தால் தடுக்க வேண்டா. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே சிறிது இடம் விட்டுவைக்கச் சொல்வோம். அது எந்த ஊரில் அச்சாயிற்று, யார் ஒட்டினார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டு எழுதட்டும். சொல்லக்கூடியவர்கள் நம் பங்குகளிலும் தெருக்களிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.