கடைசிப் படத்தில் முதல் படம் இருக்கிறதா?

2005 அக்டோபரில் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப் 2: லாஸ்ட் கோஸ்ட்' என்ற ஒரு சிறிய விளையாட்டுப் பகுதியை வெளியிட்டது. கடலை ஒட்டிய குன்றின் மேல் ஒரு பழைய கிறிஸ்தவ மடாலயம். அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெயில் உள்ளே இறங்கும். வெளியே இருந்து இருட்டான கூடத்துக்குள் நுழைந்தால், நம் கண் பழகுவதைப் போலவே திரையின் வெளிச்சமும் மெல்ல மெல்லச் சரியாகும். கதை சொல்வது அதன் முதல் நோக்கமல்ல. ஒளியை எவ்வளவு தூரம் நம்பும்படி காட்ட முடியும் என்று காட்டவே அந்த மடாலயம் கட்டப்பட்டது.

விளையாடுகிறவர் பார்ப்பது ஒரே ஒரு படம். ஆனால் அது திரைக்கு வருமுன் பல படங்கள் உருவாகி அழிந்திருக்கும். கிராஃபிக்ஸ் சிப் முதலில் காட்சியைத் திரையில் வரைவதில்லை, நினைவகத்தில் டெக்ஸ்சர் என்னும் ஒரு படப் பரப்பில் வரைகிறது. பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடும் ஷேடர் என்ற சிறு நிரல், அதிலிருந்து மிகப் பிரகாசமான இடங்களை மட்டும் பொறுக்கி வேறொரு டெக்ஸ்சரில் எழுதுகிறது. அடுத்த ஷேடர் அதைக் கிடைவாக்கில் மங்கலாக்கும், அதற்கடுத்தது செங்குத்தாக. மங்கிய ஒளியை மூலக் காட்சியோடு கூட்டினால் சன்னலைச் சுற்றி ஒளிவட்டம் கசியும். இதற்கு ப்ளூம் என்று பெயர். கடைசியாக, திரை தாங்கக்கூடிய அளவுக்கு வெளிச்சத்தை ஒடுக்க வேண்டும். ஒரே டெக்ஸ்சரைப் படித்துக்கொண்டே அதிலேயே எழுதவும் முடியாது. பக்கத்துப் பிக்சல் ஏற்கெனவே மாறிப்போயிருந்தால் கணக்கு தப்பிவிடும். அதனால் இரண்டு டெக்ஸ்சர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றிலிருந்து படித்து மற்றதில் எழுது, பிறகு அதைப் படித்து முதலாவதன் மேல் எழுது. நிரலாளர்கள் இதைப் 'பிங்-பாங்' என்கிறார்கள். நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டுமானால் இத்தனையும் சுமார் 16.7 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும்.

இங்கே ஒரு பழைய கேள்வி எழுகிறது. முதல் படமே மாறி மாறிக் கடைசிப் படமானதா? அல்லது ஒவ்வொரு படியிலும் ஒன்று அழிந்து வேறொன்று பிறந்ததா? இரண்டாவதே உண்மை என்றால், திரையில் தெரிவதை அந்த மடாலயத்தின் படம் என்று எந்த உரிமையில் சொல்கிறோம்?

கிரேக்க அரசன் மெனாண்டரும் (மிலிந்தன்) பிக்கு நாகசேனரும் பேசுவதாக அமைந்த 'மிலிந்தனின் கேள்விகள்' என்ற பாலி நூலில் அரசன் கேட்பது ஏறத்தாழ இதைத்தான். பிறந்தவர் அவராகவே இருக்கிறாரா, வேறொருவராகிறாரா? அவரேயும் அல்ல, வேறொருவரும் அல்ல என்கிறார் நாகசேனர். பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாகிறது. நெய்யே பால் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பால் இல்லாமல் அந்த நெய்யும் இல்லை.

மணிமேகலையின் முப்பதாவது காதையில் அறவண அடிகள் போதிக்கும் பன்னிரண்டு சார்புகளின் உயிர்நாடியும் இதுவே. பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கி வினைப்பயன் வரை ஒவ்வொன்றும் முந்தியதைச் சார்ந்து எழுகிறது. எல்லாக் கண்ணியையும் கடந்து மாறாமல் வருகிற பொருள் என்று எதுவும் அங்கே இல்லை. அதே சங்கிலியை அடிகள் மறுதிசையிலும் சொல்கிறார். முந்தியது நீங்கினால் பிந்தியதும் நீங்கும். திரையில் ஏதோ தவறாகத் தெரியும்போது கிராஃபிக்ஸ் நிரலாளர் செய்வதும் இதுதான். ஷேடர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எதை நிறுத்தினால் பிழை மறைகிறது என்று கண்டுபிடிக்கிறார். பிங்-பாங் முறைக்கு இந்தத் தத்துவம் நெருக்கமாகப் பொருந்துகிறது. நினைவக இடம் அப்படியே இருக்கிறது, அதில் இருந்த படம் இல்லை. இருந்தும் தொடர்ச்சி அறுபடவில்லை.

சாங்கியர் இதை ஒப்பமாட்டார். காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது, வெளிப்படுகிறது, அவ்வளவே என்பது அவர் வாதம். காரியம் புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகர் கட்சி. ஷேடர் வரிசையில் இருவருக்கும் இடமுண்டு. மங்கலாக்கும் ஷேடர் முதல் படத்தில் இல்லாத எதையும் கொண்டுவருவதில்லை. சினிமாச் சுருளின் துகள்களைப் போலப் புள்ளிகளைத் தூவும் ஷேடரோ, காட்சியில் இல்லாத எண்களை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் உண்மையைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு, புதிதாக என்ன சேர்ந்தது என்பதைவிட என்ன தொலைந்தது என்பதே முக்கியம்.

தொலைவது வரிசையைப் பொறுத்தது. சாதாரண 8 பிட் டெக்ஸ்சரில் ஒரு பிக்சலின் வெளிச்சம் 0 முதல் 255 வரைதான் இருக்க முடியும். 150, 200 என்று இரண்டு பிக்சல்களை எடுத்துக்கொள்வோம். முதலில் இரட்டித்தால் 300, 400 வரவேண்டும். இடமில்லாததால் இரண்டும் 255-இல் முட்டி நிற்கும். பிறகு பாதியாக்கினால் இரண்டுமே 127. இதையே திருப்பிச் செய்தால், முதலில் பாதியாக்கும்போது 75, 100. பிறகு இரட்டித்தால் பழையபடி 150, 200. செய்த வேலை அதே இரண்டுதான். ஒரு வரிசையில் வேறுபாடு பிழைத்தது, மற்றதில் அழிந்தது. அழிந்தபின் எந்த ஷேடராலும் அதை மீட்க முடியாது. 127-ஐ எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது 150-இலிருந்து வந்ததா 200-இலிருந்து வந்ததா என்று தெரியப்போவதில்லை. எல்லா வரிசையும் இப்படிக் கறாரானது அல்ல. கிடைவாக்கில் மங்கலாக்குவதும் செங்குத்தாக மங்கலாக்குவதும் முன்பின் மாறினால் ஒன்றும் ஆகாது.

கடைசிப் படத்திலிருந்து முதல் படத்தை அறிவது, காரியத்திலிருந்து காரணத்தை அனுமானிப்பதாகும். ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்று சொல்வது இந்த வகை. வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் மணிமேகலை கேட்கும் அளவைகளில் இதுவும் ஒன்று. நியாய சூத்திரம் இதற்கு எழும் ஆட்சேபத்தையும் பதிவு செய்திருக்கிறது. ஆற்றை எங்கோ அடைத்தாலும் நீர் ஏறுமே, அப்போது மழை என்பது பொய்யாகாதா? உரைகாரர் வாத்ஸ்யாயனர் விடை சொல்கிறார். வெறும் நீரேற்றத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. நுரை, இலை, கனி, கட்டைகள் மிதந்து வருகின்றனவா, ஓட்டம் வேகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த விடையின் அருமை 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த கருந்துளைப் படத்தில் விளங்கும். சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து வந்த ரேடியோ அலைகளை 2017-இல் 7 தொலைநோக்கிகள் பதிவு செய்தன. அந்தப் பதிவுகள் பல படிகளில் வடிகட்டப்பட்டே படமாயின. ஆரஞ்சு நிறம் மனிதர் தேர்ந்தது, ரேடியோ அலைக்கு நிறம் கிடையாது. "அப்படியானால் அது வரைந்த படம்தானே?" என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, முடிவு தவறானது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த ஈவண்ட் ஹொரைசன் குழுவினர் நான்கு அணிகளாகப் பிரிந்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் படத்தை உருவாக்கினார்கள். வளையம், பிறை, தட்டு, இரட்டைப் புள்ளி என்று செயற்கையான தரவுகளைத் தங்கள் நிரல்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். தட்டைக் கொடுத்தால் தட்டு வர வேண்டும். எதைக் கொடுத்தாலும் வளையமே வந்தால், அந்த வளையம் நிரலுக்குள் இருக்கிறது, வானத்தில் இல்லை. நீரேற்றம் அணையாலா மழையாலா என்று சோதிப்பது இதுதான்.

எந்தப் படியும் கடக்காத தூய படம்தான் உண்மை என்று நினைப்பவர், தம் கண்ணையும் நம்ப முடியாது. விழித்திரையின் நரம்பணுக்கள் பக்கத்து அணுக்களை அடக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கிய பிறகே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. குதிரைலாட நண்டின் கண்ணில் இந்த அடக்குதலை ஆராய்ந்த ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பார்வையே பல படி வேலைதான்.

எனவே ஒரு படத்தின் உண்மை, அது எத்தனை படிகளைத் தாண்டியது என்பதில் இல்லை. எந்தப் படி, எந்த வரிசையில், எதை இழந்தது என்பதை வெளிப்படையாக வைத்தார்களா என்பதில் இருக்கிறது. எம்87 படத்தின் தரவையும் நிரல்களையும் அந்தக் குழு பொதுவில் வைத்தது. 2022 மே 12 அன்று நம் பால்வீதியின் மையக் கருந்துளையின் படம் வந்தபோது இன்னொன்றும் செய்தது. தரவுக்குப் பொருந்தும் ஆயிரக்கணக்கான படங்களை நான்கு கூட்டங்களாகப் பிரித்து, எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று காட்டியது. மூன்று கூட்டங்களில் வளையம் இருந்தது. வளையம் தெரியாத நான்காவது சிறு கூட்டத்தையும் அவர்கள் மறைக்காமல் அதன் அளவோடு அச்சிட்டார்கள்.