பட்டமும் உரை அளவையும்

உண்மையை அளந்தறியும் வழிகளைச் சைவ சித்தாந்தம் அளவைகள் என்று வழங்கி, நேரே அறியும் காண்டல், புகையைக் கொண்டு நெருப்பை உணர்வது போன்ற கருதல், நம்பத்தக்கவர் கூற்றை ஏற்கும் உரை என மூன்றாக வகுக்கிறது. கல்லூரிப் பட்டம் பணிவாழ்வு முழுவதற்கும் துணைநிற்குமா என்னும் கேள்வியை இவற்றைக் கொண்டு ஆராய்ந்தால், பட்டம் அறிவு அன்று, ஒருவரது அறிவைப் பற்றிப் பல்கலைக்கழகம் கூறும் உரையே என்பது புலப்படும். பட்டத்தைத் திறமையின் அறிகுறியாக 1973இல் விளக்கிய பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் அதனைக் கருதலின்பாற்படுத்துவார் எனலாம். ஆயினும் அறிகுறியை நம்புவதற்கும் அதனை வழங்கியவரை முதலில் நம்பியாக வேண்டும்.

காண்டல் வாய்க்காத இடத்தில்தான் உரை வேண்டப்படுகிறது என்றால், பத்தாண்டு உழைத்தவரின் செயலே கண்முன் நிற்கையில் பட்டம் தேவையற்றதாகிவிட வேண்டும். மருத்துவம், வழக்குரைத்தல் போலச் சட்டமே பட்டத்தைக் கட்டாயமாக்கிய தொழில்கள் இதற்கு விலக்கு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம் பட்டம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது 1932இல், அவருடைய பழந்தமிழ் நூற்பதிப்புகளைத் தமிழுலகம் நெடுங்காலம் கண்டறிந்த பின்னரே. மறுபுறம், அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை புதுக்கோட்டையில் நீதிபதியாக உயர்ந்தார் எனினும், அவர் பெயரை நிலைநிறுத்திய கலித்தொகைப் பதிப்புக்கு எந்தப் பட்டமும் சான்று பகரவில்லை.

எனினும் சாமிநாதையரின் வாழ்க்கையை முன்வைத்துப் பட்டத்தை இகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவர் உரையின்றிப் பணியேற்றவர் அல்லர். அதே பணியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார் அவருக்காகப் பரிந்துரைத்தார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமையும் உடனிருந்தது. அத்தகைய ஆசிரியரும் உறவும் வாய்க்காத குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சாதியும் ஊரும் கேளாமல் சாட்சி கூறக்கூடியது, கொள்கையளவிலேனும், பல்கலைக்கழகம் ஒன்றே. பழகிய அலுவலகத்தில் அவரது திறமை காண்டலாகிவிடினும், வேறு ஊருக்கோ வேறு பணிக்கோ செல்லும்போதெல்லாம் அவர் மீண்டும் அறியப்படாதவராகிறார். அங்கே நேர்காணல் வரை அவரை அழைத்துச் செல்வது பழைய சான்றிதழே. பட்டத்தின் நெடும்பயன் கற்ற பாடத்தைவிட இந்த ஆளறியாச் சாட்சியத்தில்தான் மிகுதியாக உள்ளது என்று கொள்ளத் தோன்றுகிறது.

உரையின் வலிமை உரைப்பவரின் நம்பகத்தைச் சார்ந்தது. ஆதலால் ஒரு பல்கலைக்கழகம் இன்று தேர்வைத் தளர்த்தினால், முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே முறையாகத் தேறியவரின் சான்றும் ஐயத்துக்கு உள்ளாகிறது. அந்த ஐயத்தைப் போக்கச் சிபாரிசுக் கடிதம் தேடிக்கொள்ள வழியுள்ளவர்கள் தப்பிவிட, பட்டத்தையன்றி வேறு சாட்சி இல்லாதவர்களே இழப்பு முழுவதையும் ஏற்கின்றனர்.