பபூனின் சுதந்திரம்

ஹாஸ்யம் யாரையும் நோகடிக்கக் கூடாது என்கிற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. நோகடிக்காத ஹாஸ்யம் வாரப்பத்திரிகைத் துணுக்கு. நோவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு இன்றும் ஸ்பெஷல் நாடகம் வைக்கிறார்கள். பெரும்பாலும் வள்ளி திருமணம். வள்ளிக்கும் முருகனுக்கும் நாரதருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டு உண்டு. ஆனால் கதை தொடங்குமுன் ஒன்றிரண்டு மணி நேரம் பபூனுக்கும், நோட்டீஸில் ‘டான்ஸ்’ என்று போடப்படும் பெண்ணுக்கும் உரியது. அதற்கு ஆசிரியன் கிடையாது, ஒத்திகை கிடையாது. இருவரும் அன்றைக்குத்தான் முதல் தடவை சந்தித்திருக்கவும் கூடும்.

எலிசபெத் காலத்து மேடையிலும் இந்த ஆள் இருந்தான். ஷேக்ஸ்பியரின் குழுவிலிருந்த வில் கெம்ப் 1599 வாக்கில் விலகிப் போனான். அதையொட்டி எழுதப்பட்ட ஹாம்லெட்டில், எழுதிக்கொடுத்ததற்கு மேல் கோமாளிகள் பேசக் கூடாதென்று இளவரசனே உத்தரவு போடுகிறான். பின்னால் ஃபெஸ்டெயும் லியரின் விதூஷகனும் வந்தார்கள். கோமாளி பிரதிக்குள் அடங்கி ஆழம் பெற்றான். பி.ஏ. ஆங்கிலத்தில் இதை வளர்ச்சி என்று படித்தோம்.

அந்தப் பாடத்தை அப்படியே இங்கே பொருத்தி, பபூனை ஆபாசமென்று ஒதுக்கி, சுவாமிகளைத் தூக்கிப்பிடிப்பது சுலபம். ஆனால் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’வில் பட்டினி போடப்பட்டுத் தவித்தது பெண் உடையிலிருந்த ஒரு பையன். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கியதும் பாலர் சபைதான். வேஷத்தைக் கலைத்தால் அவமானமும் கலைந்துவிடும். ஸ்பெஷல் நாடகத்தில் பெண்ணே பெண்ணாக நிற்கிறாள். பபூன் அவளை வழிமறித்துப் பேசும்போது எழும் சிரிப்பு பாத்திரத்தைத் தாண்டிப் போகிறது. மேடையேறுகிறவள் என்பதால் ஊர் ஏற்கனவே அவளைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு அது சாட்சி சொல்கிறது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவள் அதையும் சுமந்துகொண்டு போகிறாள்.

அப்படியானால் பபூனுக்கும் எழுதிக்கொடுத்துவிடலாமா? எனக்குச் சம்மதமில்லை. எழுதாத இடத்தில் அவளுக்கும் வாய் இருக்கிறது. சுவாமிகளின் வள்ளி எவ்வளவு தர்க்கம் செய்தாலும் கடைசியில் முருகனுக்கு மாலையிட்டாக வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவள் பதில் சரியாக விழுந்த ஓர் இரவில், கூட்டம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்காமல் பபூன் ஆர்மோனியக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டதைப் பார்த்தேன். அவர் கட்டைகளில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.